“படிக்காட்டி கராஜுக்குத்தான்!”



கொஞ்சம் நீளமான பதிவு. பின்னேரம் ஒரு பிளேன்டீயோடு ஆறுதலாக வாசியுங்கள். வாகனம், பாட்டு, போன், விஞ்ஞானம் என்று பல விடயங்கள் வந்து போகும். எல்லாம் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேரும்.

எமதூர் வீடுகளில் ஒரு வசனம் இருக்கிறது. பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு போனை எடுத்தால் போதும், “நல்லாப் படி மகன், படிக்காட்டி கராஜுக்குத்தான் அனுப்புவன்” என்று உம்மாவோ வாப்பாவோ சொல்லிவிடுவார்கள். நாமும் கேட்டு வளர்ந்ததுதான். பிள்ளைக்குச் சும்மா பயம் காட்டச் சொல்வது, அதில் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அந்த ஒரு வசனத்தால் பிள்ளை இரண்டு விடயங்களைப் படித்துக்கொள்கிறது. ஒன்று, கராஜில் நிற்பவருக்கு அறிவு தேவையில்லை. இரண்டு, படிப்பு என்பது கையில் கிறீஸ் படாத ஒரு சாமான். இரண்டுமே பிழை. இந்தப் பிழைக்கு நாம் கொடுக்கும் விலை சின்னதில்லை.

முதலில் கராஜுக்கே போவோம்.

மோட்டார் சைக்கிள் “இழுக்குதில்ல” என்று கொண்டுபோய் நிறுத்தினால், பாஸ் முதலில் காது கொடுத்துக் கேட்பார். சத்தத்தை வைத்தே டெப்பட் தளர்ந்திருக்கா, செயின் தளர்ந்திருக்கா என்று சொல்லிவிடுவார். பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது, காற்றுப் போதவில்லை. வெளிறி வெள்ளையாக இருந்தால் கதை தலைகீழ். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. இதையேதான் வகுப்பறையில் “தகனத்துக்கு ஒட்சிசன் அவசியம், ஒட்சிசன் போதாவிட்டால் கரி உண்டாகும்” என்று எழுதிக் கொடுத்து, பிள்ளை மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, புள்ளியும் எடுக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் கையில் ஒரு பிளக்கைக் கொடுத்து இது ஏன் கறுத்திருக்கிறது என்று கேட்டால் முழிக்கும். பாஸிடம் தகனம் என்றால் என்ன என்று கேட்டால், “அதெல்லாம் படிச்ச ஆக்கள்ட விசயம் சேர்” என்பார். இருவருக்கும் தெரிந்தது ஒரே விடயம்தான். நடுவில் நாம் ஒரு மதிலைக் கட்டி வைத்திருக்கிறோம்.

இந்த மதில் எப்போதும் இருந்ததில்லை. எமது நாட்டுக்கு வானொலி வந்த கதையைப் பாருங்கள். முதலாம் உலக யுத்தத்தில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலி உபகரணங்களை எடுத்து, கொழும்பில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள் ஒரு சிறிய ஒலிபரப்புக் கருவியைத் தாங்களாகவே செய்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் எட்வர்ட் ஹார்ப்பர். மத்திய தந்திக் கந்தோரின் ஒரு சின்ன அறையிலிருந்து 1923இல் கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார்கள். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமானது. லண்டன் பி.பி.சி.யே 1922இல்தான் தொடங்கியிருந்தது. ஆசியா முழுவதும் பேர் எடுத்த ரேடியோ சிலோனும், எமது பெரியவர்கள் பின்னேரங்களில் காத்திருந்து கேட்ட முஸ்லிம் சேவையும் அந்த வழியில் வந்தவைதான். பழைய சாமானைக் கழற்றிப் பூட்டியவர்களின் கையில் தொடங்கிய வேலை அது. இன்று எமது பிள்ளை ஒரு பழைய ரேடியோவைக் கழற்றினால், “குரங்கு வேலை பாக்காம போய்ப் படி” என்று ஏசுகிறோம்.

பாட்டு, இசை என்றதும் கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இங்கே தொடங்கிவிட வேண்டாம். அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நாம் பேச வருவது சத்தத்தைப் பற்றி. கிறாஅத் கேட்டாலும், நாகூர் ஹனிபாவைக் கேட்டாலும், கிரிக்கெட் வர்ணனை கேட்டாலும் ஸ்பீக்கருக்குள் நடப்பது ஒன்றுதான்.

பழுதான ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். ஒரு கடதாசிக் கூம்பு, அதில் ஒட்டிய செம்புக் கம்பிச் சுருள், பின்னால் ஒரு காந்தம். அவ்வளவுதான். கம்பியில் மின் ஓடும்போது சுருளும் காந்தம்போல ஆகி, பின்னால் உள்ள காந்தத்தை நோக்கி இழுபடும், பிறகு தள்ளுப்படும். கூம்பு முன்னும் பின்னும் அசையும். காற்று அசையும். காதுக்குச் சத்தம் வரும்.

இப்போது வாப்பாமாரின் பழைய சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். டயரில் உரசிச் சுழலும், கதி கூடக் கூட முன்லைட் பிரகாசமாகும். உள்ளே இருந்தது அதே காந்தமும் கம்பியும். ஸ்பீக்கரில் மின் கொடுத்து அசைவை எடுக்கிறோம், டைனமோவில் அசைவைக் கொடுத்து மின்னை எடுக்கிறோம். மைக்கல் பரடே 1831இல் கண்டுபிடித்துச் சொன்னது இதைத்தான். டைனமோவைப் போட்டவுடன் பெடல் கனக்கும், ஞாபகம் இருக்கும். லைட்டுக்கான சக்தி எமது காலிலிருந்து போனது.

அந்தக் கனம்தான் இன்று ஹைபிரிட் காரில் பிரேக்காக வேலை செய்கிறது. சாதாரண காரில் பிரேக் பிடித்தால், ஓட்டத்தில் இருந்த சக்தி முழுவதும் உராய்வால் சூடாகி வீணாகிவிடும். ஹைபிரிட் காரில் மோட்டாரே டைனமோவாக மாறி, சில்லைத் தாமதப்படுத்தி, அந்தச் சக்தியில் ஒரு பகுதியைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. வீட்டுக்கு வெளியே நிற்கும் பிறியஸுக்குள் இருப்பது வாப்பாவின் சைக்கிள் டைனமோவின் பேரன். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காரில் ஏறும் பிள்ளைக்கும், சீட்டின் நிறத்தை மட்டும் பார்த்து ஏறும் பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். கிட்டத்தட்ட ஐந்து வருடம் நாட்டுக்குப் புது வாகனம் வருவது பெரும்பாலும் நின்றிருந்தது. நடுவில் 2022இல் பெற்றோல் கியூவும் கியூஆர் கோட்டும் வந்தன. பார்ட்ஸ் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை கேட்டால் தலை சுற்றியது. அந்தக் காலம் முழுக்க இந்த நாட்டின் பஸ், லொறி, ஓட்டோ, அம்பியூலன்ஸ் எல்லாவற்றையும் ஓட வைத்தது யார்? “படிக்காட்டி அங்கதான்” என்று நாம் பயம் காட்டும் அதே கராஜ்களில் நின்றவர்கள்தான். ஒரு பழைய பார்ட்டைக் கடைந்து, வேறொரு மொடலுக்குப் பொருத்தி, ஒரு வாரத்தில் வாகனத்தை வெளியே அனுப்பினார்கள். மூளை வேலை செய்யாமல் அது நடக்காது.

இன்னொரு முரண்பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். எமது மேடைகளிலும் பதிவுகளிலும் முஸ்லிம் விஞ்ஞானிகளின் பெருமை அடிக்கடி வரும். நல்ல விடயம். ஆனால் அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று பார்க்கிறோமா? 9ஆம் நூற்றாண்டு பக்தாத்தில் பனூ மூஸா சகோதரர்கள் மூவர் நூதனக் கருவிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். தானாகவே குழல் வாசிக்கும் கருவி ஒன்றையும் அமைத்தார்கள். அல்ஜஸரி 1206இல் எழுதி முடித்த நூலில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களும் கடிகாரங்களும் வரைபடங்களோடு இருக்கின்றன. அவருடைய இரட்டைச் சிலிண்டர் பம்பில், சுழலும் அசைவு முன்பின் அசைவாக மாறும். எமது மோட்டார் சைக்கிள் எஞ்சினில் அதே வேலை மறுபக்கமாக நடக்கிறது. பிஸ்டன் மேலும் கீழும் போக, கிராங் சுழல்கிறது. அல்ஜஸரி தன் கையால் செய்து பார்த்தவற்றை எழுதியவர். இன்றைக்கு எமதூரில் அவர் இருந்திருந்தால் அவர் கையிலும் கிறீஸ்தான் இருந்திருக்கும். அவருக்குப் பெண் கொடுக்க எத்தனை வீட்டில் சம்மதித்திருப்போம்?

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. எமது வயல்களில் ஓடும் “லேண்ட் மாஸ்டர்” என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை 1950களில் வடிவமைத்தவர் எமது நாட்டவரான ரே விஜேவர்தன. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தவர். சிறு விமானங்களைத் தானே செய்து தானே ஓட்டியவர். பிற்காலத்தில், சிறு விவசாயிக்கு உண்மையில் தேவைப்பட்டது இந்த இயந்திரம்தானா என்று தன் சொந்தப் படைப்பையே கேள்வி கேட்டவர். செய்யத் தெரிந்தவருக்குத்தான் அப்படிக் கேட்கவும் தெரியும்.

இனி, இந்த மதில் எமக்கு எடுக்கும் விலைக்கு வருவோம். முதல் விலை வீதியில்.

இலங்கையில் ஒவ்வொரு வருடமும் 2000க்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் மௌத்தாகிறார்கள். அதில் மோட்டார் சைக்கிளில் போனவர்களின் பங்கு பெரியது. எமதூர் மையவாடியிலும் அப்படிப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். இயக்கசக்தியின் சமன்பாட்டைப் படித்து, அதற்குப் புள்ளியும் எடுத்து, பிறகு பெருநாளைக்குப் பின்னேரம் மெயின் ரோட்டில் பறக்கும் தம்பிமார்தான் பெரும்பாலும். கதி இருமடங்கானால் சக்தி நான்கு மடங்காகும் என்று அந்தச் சமன்பாடு சொல்கிறது. அது பரீட்சைத் தாளிலேயே நின்றுவிட்டது.

நாம் இதைப் பிள்ளைகளுக்குத் தென்னை மரத்தை வைத்துச் சொல்வதுண்டு. 40 கிலோமீற்றர் கதியில் ஒரு மதிலில் மோதுவது, ஏறத்தாழ 6 மீற்றர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். ஒரு மேல்மாடி வீட்டுக் கூரை. 60இல் மோதினால் 14 மீற்றர், காய்க்கிற தென்னையின் தலை. 80இல் மோதினால் 25 மீற்றர், ஊரிலேயே உயரமான தென்னையின் உச்சி. தென்னையில் ஏறச் சொன்னால் பயப்படும் பிள்ளை, அக்சிலேட்டரைத் திருகும்போது அதே மரத்தில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, 60இல் போகும்போது ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 17 மீற்றர் கடந்துவிடும். முன்னால் ஆடு ஒன்று குறுக்கிட்டதைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கைத் தொடுவதற்குள் அந்தத் தூரம் போயே போய்விடுகிறது. பிரேக் அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கும்.

ஹெல்மட்டுக்குள் இருக்கும் ரிஜிபோம், தான் நசுங்கி, தலை நிற்பதற்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுக்கிறது. அந்த ஒரு துளி நேரத்தில்தான் உயிர் தங்குகிறது. முழங்கையில் கொழுவிய ஹெல்மட் முழங்கையைக்கூடப் பாதுகாக்காது. பொலிஸுக்காகப் போடுவது என்று நினைக்கும் பிள்ளை பொலிஸைத் தாண்டியதும் கழற்றிவிடும். ரிஜிபோமின் வேலை விளங்கிய பிள்ளை கழற்ற யோசிக்கும்.

சைலன்சரை வெட்டுவதும் அப்படித்தான். சத்தம் வந்தால் பவர் வந்த மாதிரி ஒரு நினைப்பு. சைலன்சருக்குள் இருக்கும் சிறு அறைகளும் குழாய்களும் ஒலி அலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டுத் தணிக்கின்றன. பெற்றோல் எஞ்சின் ஒன்று 100 ரூபாய்ப் பெற்றோலில் 30 ரூபாய் அளவையே ஓட்டமாக மாற்றும், மிச்சமெல்லாம் சூடாகவும் புகையாகவும் போகிறது. சத்தத்தைக் கூட்டியதால் அந்தக் கணக்கு மாறிவிடாது. பக்கத்து வீட்டில் தூங்கும் சிசுவும் நோயாளியும் எழும்புவதுதான் மிச்சம்.

இரண்டாவது விலை காதில். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பெரியவர் ஒருவர் 80 டெசிபெல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 ஆனால் 4 மணித்தியாலம்தான். 100 ஆனால் வாரத்துக்கு வெறும் 20 நிமிடம். கலியாண வீட்டுப் பெரிய ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு 100 இலகுவாகத் தாண்டிவிடும். இரவு முழுக்க இயர்போனை மாட்டிக்கொண்டு கேம் விளையாடும் பிள்ளைக்கு 90 பெரிய காரியமில்லை. காதுக்குள் நத்தைபோலச் சுருண்ட இடத்தில் மயிர்போன்ற நுண்ணிய கலங்கள் இருக்கின்றன. செத்தால் திரும்ப முளைக்காது. கண்ணாடி போட்டால் பார்வை தெளிவது போல, காது மிஷின் போட்டால் பழைய கேள்வி அப்படியே திரும்பி வருவதில்லை.

சத்தத்தைப் பற்றி எமது பழைய ஆட்களுக்கு நல்ல அறிவு இருந்தது. நோன்பு காலத்தில் சஹருக்கு எழுப்ப வரும் பாவாமார், அடிக்க முதல் றபானை நெருப்பு அனலில் காட்டுவதை மூத்தவர்கள் கண்டிருப்பார்கள். தோல் சூடாகி, ஈரம் போய், இழுவை கூடும். இழுவை கூடினால் மீடிறன் கூடும், சத்தம் கணீரென்று தெருக்கோடி வரை கேட்கும். பத்தாம், பதினோராம் வகுப்பில் “ஈர்த்த இழையின் மீடிறன்” என்று படிப்பதும் இந்தச் சங்கதிதான். பாவா அதைக் கையால் கற்றிருந்தார்.

மூன்றாவது விலை போனில். கத்தாரில் இருக்கும் வாப்பாவோடு வட்ஸ்அப்பில் பிள்ளை முகம் பார்த்துப் பேசுகிறது. அந்த முகம் எப்படி வந்தது என்று கேட்டால் “சட்டலைட்” என்று சொல்லும். பெரும்பாலும் அது கடலுக்கு அடியில் போட்ட கேபிளில், தலைமயிர் மொத்தமான கண்ணாடி இழைக்குள், ஒளியாகத் தெறித்துத் தெறித்து வந்திருக்கும். ஒளித்தெறிப்புப் பாடத்தை இந்த ஒரு விடயத்தோடு தொடங்கினால், வாப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அந்தப் பாடத்தை மறக்கவே மாட்டாது. போனைப் பாவிக்கத் தெரிந்ததால் பிள்ளைக்குத் தொழில்நுட்பம் தெரியும் என்று நினைக்கிறோம். சோறு தின்னத் தெரிந்தவரெல்லாம் வேளாண்மை தெரிந்தவர் இல்லையே.

சரி, என்ன செய்யலாம்?

யாரையும் பாடசாலையை விட்டு நிறுத்தி கராஜில் போடச் சொல்லவில்லை. 16 வயதுவரை கல்வி கட்டாயம், அதில் பேச்சுக்கே இடமில்லை. டொக்டர் ஆகக்கூடிய பிள்ளை டொக்டராகட்டும். கராஜ் தொழிலில் வெயிலும் புகையும் உண்டு, வருமானம் ஏறி இறங்கும், பெற்றோரின் பயம் நியாயமானது என்பதும் விளங்குகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து அந்தத் தொழிலை உயர்த்துவது.

வருடக்கணக்கில் தொழில் செய்து பழகிய ஒருவர், புதிதாகக் கோர்ஸ் படிக்காமலே தன் திறமையைச் செய்து காட்டி என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. எமதூரில் எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள்? சான்றிதழ் இல்லாமல் வெளிநாடு போனால் உதவியாள் சம்பளம். அதே கையோடு சான்றிதழும் இருந்தால் டெக்னீசியன் சம்பளம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் விளையாட்டுக் கழகங்களும் இந்த ஒரு வேலையைப் பொறுப்பெடுத்து, விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தால் பல குடும்பங்கள் எழும்பும்.

ஏ.எல்.இல் தொழில்நுட்பவியல் துறை 2013இல் ஆரம்பமானது. இன்னும் அதை “சயன்ஸ் கிடைக்காதவர்கள் போற இடம்” என்று சொல்கிறோம். செய்து படிக்க விருப்பமுள்ள பிள்ளைக்கு அதுதான் முதல் தெரிவு. பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். தையல் மெஷினில் நூல் அறுந்தால், ஊசியையும் பொபினையும் கழற்றி, இழுவையைச் சரிபார்த்துத் திருப்பிப் பூட்டும் உம்மாமார் இல்லாத தெரு எமதூரில் இல்லை. அதுவும் பொறியியல்தான்.

பாடசாலை விஞ்ஞான மன்றங்கள் வருடத்தில் ஒரு நாளைக்கு ஊர் மெக்கானிக் ஒருவரைப் பிரதம அதிதியாக அழைக்கட்டும். ஒரு பழைய எஞ்சினை மேசையில் வைத்து அவர் கழற்ற, ஆசிரியர் பக்கத்தில் நின்று பாடத்தோடு தொடர்புபடுத்தட்டும். செலவு ஒரு மாலையும் ஒரு தேத்தண்ணியும்.

வீட்டில் செய்ய இலகுவானது ஒன்று. பழுதான ஸ்பீக்கர், டோர்ச், விளையாட்டுக் கார் ஏதாவது கிடந்தால் குப்பைக்குப் போட முன் பிள்ளையோடு உட்கார்ந்து கழற்றிப் பாருங்கள். கரண்டில் கொழுவியிருக்கும் எதையும் தொட வேண்டாம். போன் பற்றரியையும் மைக்ரோவேவையும் கட்டாயம் திறக்க வேண்டாம், அவை ஆபத்தானவை. ஸ்பீக்கர், டோர்ச், விளையாட்டுக் கார் போன்றவை பிள்ளைக்கு நல்ல புத்தகம். பூட்டத் தெரியாவிட்டால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சந்தியில் ரேடியோ திருத்தும் காக்காவிடம் போங்கள். அவர் பூட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்க விடுங்கள், கேள்வி கேட்க விடுங்கள். காசு கொடுக்கும்போது, “இவருக்கு இது எல்லாம் நல்லாத் தெரியும் மகன்” என்று அவர் காதுபடச் சொல்லுங்கள்.

அல்லாஹ் எமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள அறிவைத் தரட்டும்.